பிரிந்து வாழும் அப்பாவும் சின்ன வயசுக் கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனைவியைப் பிரிந்து, பையனை வாரக்கடைசியிலோ விடுமுறையிலோ மட்டும் பார்க்கிற அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு அப்பாதான். இந்த நிலையில் இருக்கும் மற்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் கீழே உள்ள கேள்விகள். நான்கு வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள பையன்களை மனதில் வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை மகள்களுக்கும் பொருந்தும்.

கிடைக்கிற நேரமே கொஞ்சம். அதில் என் பழங்கதையைப் பேசி அவனுக்கு என்ன ஆகப்போகிறது?

ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவைப் பற்றிப் பையனுக்குக் கேட்காமலே எவ்வளவோ தெரிந்துவிடும். எதற்கெல்லாம் எரிச்சல்படுவார், எப்படிக் குறட்டை விடுவார், பழைய நண்பர் ஃபோன் செய்தால் குரல் எப்படி மாறும் என்பதெல்லாம் தானாக வந்து சேரும். அத்தையோ சித்தப்பாவோ வந்து உட்கார்ந்தால், "உங்கப்பன் உன் வயசுல என்ன பண்ணினான் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பிரிந்து இருக்கும் அப்பாவுக்கு இந்த வசதி இல்லை. பையன் வளரும் வீட்டில் அவரைப் பற்றிப் பேச ஆளில்லை. பேசினாலும் என்ன பேசுவார்கள் என்று உறுதியில்லை. அவரே சொன்னால்தான் உண்டு.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 2001 வாக்கில் பிள்ளைகளுக்காக 20 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா என்ற மாதிரிக் கேள்விகள். பிள்ளை நேரில் பார்த்திருக்கவே முடியாதவை. யாராவது சொல்லியிருந்தால்தான் தெரியும். இவற்றுக்கு 'தெரியும்' என்று அதிகம் சொன்ன பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாகக் காணப்பட்டன. இந்த யோசனைக்கு விதை போட்டவர் டியூக்கின் மனைவி சாரா. கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளோடு வேலை செய்தவர் அவர். குடும்பத்தைப் பற்றி நிறையத் தெரிந்த பிள்ளைகள் சிக்கல்களை நன்றாகச் சமாளிப்பதை அவர்தான் முதலில் கவனித்துச் சொன்னார்.

உடனே இருபது விடைகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒப்பிக்கக் கிளம்பிவிடாதீர்கள். விடைகளை மனப்பாடம் பண்ணவைத்துப் பயனில்லை என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். பெரியவர்களும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து, வருடக்கணக்கில், விட்டுவிட்டுப் பேசுகிற பழக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

என் சொந்தக் கருத்து ஒன்றும் உண்டு. உங்கள் சிறுவயதில் அவன் அம்மா இல்லை. அதனால் அங்கே சண்டையும் இல்லை, வழக்கும் இல்லை, யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியும் இல்லை. உங்கள் வாழ்க்கையில் அவன் யாருக்கும் துரோகம் செய்யாமல் நுழைந்து சுற்றிப் பார்க்கக்கூடிய பகுதி அது. அங்கே அவன் சந்திப்பது, கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப விட்டுவிடும் ஒரு பெரிய ஆளை அல்ல. தன் உயரத்தில் ஒரு பையனை.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

பேச்சு புரிகிற வயதிலேயே. ஆனால் காலக்கணக்கை எதிர்பார்க்காதீர்கள். நான்கைந்து வயதுப் பையனுக்குப் போன வாரமும் முப்பது வருடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "அப்போ நான் எங்கே இருந்தேன்?" என்று கேட்பான். "நீ இன்னும் பிறக்கலைடா" என்றால் சிலருக்கு முகம் வாடிவிடும். "உனக்கு முன்னாடி நடந்தது, அதனாலதான் இப்போ உனக்குச் சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஆண்டு, தேதி எதுவும் வேண்டாம். "நான் உன் அளவு இருக்கும்போது" என்பதே அவனுக்குப் புரிகிற நாட்காட்டி.

ஏழு, எட்டு வயதில் கேள்விகள் மாறும். ஏன் அப்படிச் செய்தாய், அதற்கு உங்கப்பா என்ன சொன்னார், அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் என்று துருவுவான். கதை சொல்வதற்கு நல்ல காலம் இதுதான் என்பேன்.

உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தால் நெளிகிறான். எப்போது சொல்வது?

எதிரெதிரே உட்கார்ந்து "வா, அப்பா ஒரு கதை சொல்றேன்" என்றால் எந்தப் பையனும் நெளிவான். பக்கத்தில் இருந்துகொண்டு, கண்கள் வேறு எதிலோ இருக்கும்போது சொல்ல வேண்டும். நடக்கும்போது, வண்டியில் போகும்போது, சட்டை மடிக்கும்போது, ஷூ லேஸ் கட்டிவிடும்போது. விளக்கை அணைத்தபின் இருட்டில் சொல்வது எல்லாவற்றையும்விட நல்லது.

வந்து இறங்கிய முதல் அரை மணி நேரத்தில் வேண்டாம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறி வந்த பிள்ளைக்குத் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள நேரம் வேண்டும். திரும்பக் கொண்டுபோய் விடும் வழியிலும் உருக்கமான கதை கூடாது. அவன் அதைச் சுமந்துகொண்டு அம்மா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்த வழிக்குச் சிரிப்புக் கதைகள் போதும்.

சொல்வதற்கு என்ன இருக்கிறது? என் சின்ன வயசில் பெரிதாக எதுவுமே நடக்கவில்லையே.

பெரிதாக நடந்தவை அவனுக்குத் தேவையும் இல்லை. பரிசு வாங்கிய கதையைவிடப் பென்சில் பெட்டியைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்த கதையைத்தான் கேட்பான். என் பையனுக்குப் பிடித்தது, பள்ளி மேடையில் இரண்டாவது வரி மறந்துபோய் நான் முதல் வரியையே மூன்று முறை சொன்ன கதை. அப்பாவுக்கும் தொடை நடுங்கியிருக்கிறது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஞாபகம் வரவில்லை என்பது வேறு விஷயம், அதற்குக் காரணமும் இருக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வரும். அதற்கு முந்தையவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும். சம்பவங்களைத் தேடாமல் இடங்களைத் தேடுங்கள். வளர்ந்த வீட்டின் வாசலில் நின்று, மனதுக்குள்ளேயே உள்ளே நடந்து போங்கள். செருப்பு எங்கே கிடக்கும்? எந்தக் கதவு கிறீச்சிடும்? இரவில் எந்த மூலையைத் தாண்டப் பயம்? யார் எங்கே படுப்பார்கள்? இப்படி ஒரு சுற்று வந்தால் சம்பவங்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்ததாக உடம்பில் இருக்கும் தழும்புகள். முழங்காலில் ஒரு தழும்பு இருந்தால் அந்த வாரக்கடைசிக்குக் கதை தயார். பையன் அதைத் தொட்டுப் பார்த்தே தீருவான்.

அக்கா, தம்பி, பழைய நண்பர்கள் யாரிடமாவது ஃபோன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் உங்களைப் பற்றிச் சொல்வது நீங்கள் நினைத்திருப்பதிலிருந்து வேறுபடும். அதுவே இன்னொரு கதை.

ஃபோனிலும் வீடியோ காலிலும் மட்டும்தான் பேச முடிகிறது. அதில் கதை எடுபடுமா?

எடுபடும், வேறு முறையில். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் திரையில் பார்ப்பதிலிருந்து குறைவாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் திரையில் இருப்பவர் நேரலையில், குழந்தை சொல்வதற்கு உடனுக்குடன் பதில் சொல்லும்போது நிலைமை நன்றாக மாறுகிறது. நான்கு, ஐந்து வயதுக்கு மேல் தடையே இல்லை. திரையைப் பார்த்துப் பத்து நிமிடம் அசையாமல் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் உண்மையான சிரமம். "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" "ஒண்ணும் இல்ல." "சாப்பிட்டியா?" "ம்." இதோடு முடிகிற ஃபோன் கால்கள் எத்தனை!

கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஏதாவது கொண்டுவாருங்கள். பழைய புகைப்படம் ஒன்றைக் கேமராவுக்குக் காட்டி, "இதுல நான் யாருன்னு கண்டுபிடி" என்று சொல்லலாம். கதையைப் பாதியில் நிறுத்தி, "நாய் துரத்துது, முன்னாடி சுவர். நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று விடலாம். மிச்சம் அடுத்த காலில். தொடர்கதை போட்டுப் பத்திரிகை விற்றவர்கள் முட்டாள்கள் இல்லை.

நேரம் ஒத்துவராவிட்டால் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும். அவன் கேட்க நினைக்கும்போது கேட்பான். ஆனால் அது அம்மாவின் ஃபோனுக்குத்தான் போகும் என்பதை மறக்காதீர்கள். அவர் கேட்டால் கூச்சப்பட வேண்டாத கதையாக இருக்கட்டும். அனுப்பும் முன் அவரிடம் ஒரு வரி கேட்டுவிடுவதும் நல்லது.

அவன் அம்மா வருகிற நினைவுகளைச் சொல்லலாமா? "நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பார்த்துக்கிட்டீங்க?" என்று கேட்கிறான்.

சொல்லலாம். கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். தான் எங்கிருந்து வந்தோம் என்பதைத்தான் அவன் கேட்கிறான். உங்கள் திருமணம் முடிந்துபோயிருக்கலாம், அவனுடைய தொடக்கம் முடியவில்லை. பெற்றோர் ஒருகாலத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில்தான் தான் பிறந்தோம் என்று தெரிவது அவனுக்குச் சொத்து. அதை எடுத்துக்கொள்ள உங்களுக்கும் உரிமையில்லை, அவருக்கும் இல்லை.

சொல்லும் விதத்தில்தான் எல்லாம். "அப்பல்லாம் உங்கம்மா நல்லாத்தான் இருந்தா" என்கிற வாக்கியத்தில் ஒரு கத்தி ஒளிந்திருக்கிறது. பையன் அதை உடனே கண்டுபிடித்துவிடுவான். "அப்படி இருந்திருக்கலாம், என்ன பண்றது..." என்ற பெருமூச்சும் அதே வகைதான். பெருமூச்சு விட்டால் அவன் சேர்த்துவைக்கும் வேலையில் இறங்கிவிடுவான், சின்னப் பிள்ளைகள் அப்படித்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எங்கே பார்த்தோம், யார் முதலில் பேசினோம், அவன் பிறந்த அன்று மழையா வெயிலா, அவனை முதலில் கையில் வாங்கியபோது எப்படி இருந்தது. முடிவுரை வேண்டாம்.

என் சோதனை ஒன்று: இந்தக் கதையை அவன் அப்படியே போய் அம்மாவிடம் சொன்னால் அவர் முகம் சுளிப்பாரா? சுளிப்பார் என்றால் கதையில் என் வாதம் ஏதோ கலந்திருக்கிறது. கதையில் வழக்காடக் கூடாது.

கதை நடுவிலேயே "அப்போ ஏன் இப்போ சேர்ந்து இல்ல?" என்று கேட்டுவிட்டால்?

கதையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். சுருக்கமாக, அவனுக்குப் புரியும்படி: "எங்களால சேர்ந்து ஒரே வீட்டுல சந்தோஷமா இருக்க முடியலை. அது பெரியவங்க விஷயம். நீ எதுவும் பண்ணலை. ரெண்டு பேருக்கும் நீ பையன்தான், அது மாறாது." அவன் காரணமில்லை என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தான் அடம் பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. முடிந்ததும் "மிச்சக் கதை வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேண்டும் என்பான்.

என் சிறுவயதே நல்லதில்லை. அப்பா அடிப்பார். இதையெல்லாம் அவனிடம் சொல்வதா?

உண்மையை மறைத்து எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. டியூக் குடும்பக் கதைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார். 'ஒன்றுமில்லாமல் இருந்தோம், உழைத்து உயர்ந்தோம்' என்பது ஒரு வகை. 'எல்லாம் இருந்தது, போய்விட்டது' என்பது இன்னொன்று. ஏற்றமும் வந்தது, இறக்கமும் வந்தது, எது வந்தாலும் ஒருவருக்கொருவர் இருந்தோம் என்பது மூன்றாவது. பிள்ளைகளுக்கு அதிகம் பலம் தருவது மூன்றாவதுதான் என்பது அவர் கருத்து. குடும்பம் உடைந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு முதல் வகை பொய்யாகத் தெரியும், இரண்டாவது பயமுறுத்தும்.

அளவு முக்கியம். ஆறு வயதுக்கு, "எங்கப்பா கோபம் வந்தா அடிப்பார். எனக்குப் பயமா இருக்கும், பாட்டிகிட்டப் போய் உட்கார்ந்துக்குவேன். அடிக்கிறது தப்பு, அதனால நான் உன்னை அடிக்க மாட்டேன்" என்பது போதும். காயத்தின் விவரம் வேண்டாம். யாராவது துணைக்கு வந்த இடம், நீங்கள் தாண்டி வந்த இடம் கதைக்குள் இருக்கட்டும். அந்தத் தாத்தாவையே அவன் இப்போதும் பார்த்துப் பழகுகிறான் என்றால் இன்னும் யோசித்துச் சொல்லுங்கள். இன்னும் உங்களுக்கே ஆறாதது எதுவாக இருந்தாலும் அது நண்பரிடமோ ஆலோசகரிடமோ போக வேண்டியது. உங்களைத் தேற்றுவது அவன் வேலை இல்லை.

உங்கள் பெற்றோரும் பிரிந்தவர்கள் என்றால் அந்தக் கதை அவனுக்கு வேறு யாரும் தர முடியாதது. வாரக்கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு போன பையன் நீங்களும்தான் என்று தெரிந்தால் அவன் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன தப்பு? எனக்கே எது நடந்தது, எது கற்பனை என்று நிச்சயமில்லை.

நாய் கன்றுக்குட்டி அளவு இருந்தது என்று சொல்வதில் தப்பில்லை. அது கதையின் உப்பு. நடக்காததை நடந்ததாகச் சொல்வது வேறு.

நினைவு என்பது பெட்டியில் பூட்டிய பொருளல்ல, எடுக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுகிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே காட்டினார். 1995-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேரிடம், 'சின்ன வயதில் நீ ஒரு வணிக வளாகத்தில் தொலைந்துபோனாய்' என்று நடக்காத ஒன்றை உறவினர் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார்கள். நான்கில் ஒருவர் அதை முழுதாகவோ பகுதியாகவோ 'நினைவுகூர்ந்தார்'. பெரியவர்கள் நிலையே இது. சொல்வது அப்பா, கேட்பது ஏழு வயது என்றால் யோசித்துப் பாருங்கள். குறிப்பாக, நீங்கள் சேர்ந்திருந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது அவன் மனதில் இல்லாததை ஊட்டிவிட வேண்டாம். "அன்னைக்கு அம்மா உன்னைத் தனியா விட்டுட்டுப் போனாளே, ஞாபகம் இருக்கா?" என்பது நினைவைக் கேட்கிற கேள்வியே இல்லை.

நிச்சயமில்லாத இடத்தில் "எனக்குச் சரியா ஞாபகமில்லை, அத்தை வேற மாதிரி சொல்றா" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். யார் சொல்வது சரி என்று அத்தையிடம் விசாரணைக்கே போவார்கள்.

நாங்கள் மூவரும் ஒன்றாக இருந்த நாட்களை அவன் மறந்துவிடுவானா?

இதைத்தான் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நிறைய மறந்துவிடுவான், உண்மை. பெரியவர்களின் மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதுக்கு உரியது. பாட்ரிஷியா பாவரும் மரினா லார்கினாவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் பேசிய சம்பவங்களைப் பிள்ளைகள் பிற்பாடு எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுவரை 60 சதவீதத்துக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் 40 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. பிரிவாலோ யாரும் செய்த சூழ்ச்சியாலோ அழிவதில்லை இவை. வளர்கிற மூளையின் இயல்பு.

பெரியவர்கள் பேசும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. "கடலுக்குப் போனோமே, யார் வந்தாங்க? வேற யாரு? ஞாபகமில்லையா?" என்று தேர்வு வைக்கிறவர்களின் பிள்ளைகளைவிட, "கடலுக்குப் போனோம், அலை வந்ததும் உன் செருப்பு போச்சு, நீ அழுதே, அப்புறம் என்ன ஆச்சு?" என்று விவரம் சேர்த்து, அவன் பிடித்த இழையைத் தொடர்ந்து போகிறவர்களின் பிள்ளைகள் பிற்காலத்தில் விரிவாக நினைவுகூர்கிறார்கள். ஃபிவுஷ், எலைன் ரீஸ் போன்றவர்கள் 1990-களிலிருந்து இதைப் பார்த்து வருகிறார்கள்.

ஆகவே உங்கள் கதையை மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். நான் இருட்டுக்குப் பயந்தது இப்படி, உனக்கு எது பயம் என்று அவன் பக்கம் தள்ளுங்கள். அவன் சொல்லும்போது திருத்தாதீர்கள். இரண்டு வீடுகளில் நடப்பதையும் ஒரே வாழ்க்கையாகக் கோத்துக்கொள்ள அவனுக்கு அந்தப் பேச்சு வேண்டும். அம்மா வீட்டில் நடந்ததைச் சொன்னால், உளவு கேட்பதாக இல்லாமல், சும்மா கேளுங்கள்.

அதே கதையைத்தான் கேட்கிறான். புதிது சொன்னால் வேண்டாம் என்கிறான்.

அதையே சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவது அவனுக்குச் சுகம், அதுவும் வாரா வாரம் இடம் மாறுகிற பிள்ளைக்கு. ஒரு வார்த்தை மாறினாலும் பிடித்துவிடுவான்.

காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். நீங்கள் பேசிக்கொண்டே இருந்தால் விலகித்தான் போவான். பெரும்பாலும் இரண்டு காரணம்: கதைக்குக் கடைசியில் ஓர் அறிவுரை ஒட்டியிருக்கும் ("நாங்க எல்லாம் அந்தக் காலத்துல..."), அல்லது அவன் உங்கள்மேல் கோபமாக இருப்பான். முதலாவதற்கு அறிவுரையை வெட்டினால் போதும். இரண்டாவதற்குக் கதை மருந்தல்ல. சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதுதான் மருந்து.

சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்துவிடுகிறது.

அடைக்கட்டும். "எங்க பாட்டியை நினைச்சா அப்பாவுக்கு அழுகை வருது, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவிவிட்டு வாருங்கள். காரணம் சொல்லாத அழுகைதான் பிள்ளையைப் பயமுறுத்தும்.

இப்போதைக்குப் பார்க்கவே முடியவில்லை, வழக்கு நடக்கிறது. அதுவரை என்ன செய்ய?

1989-ல் ஐநா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, பெற்றோரில் ஒருவரையோ இருவரையோ பிரிந்திருக்கும் குழந்தைக்கு இருவரோடும் தொடர்ந்து உறவும் நேரடித் தொடர்பும் வைத்திருக்கும் உரிமை உண்டு என்கிறது. குழந்தையின் நலனுக்கு எதிராக இருந்தால் மட்டுமே விலக்கு. உரிமை குழந்தையுடையது என்பதைக் கவனியுங்கள். நடைமுறையில் உங்கள் நாட்டுச் சட்டமும் நீதிமன்ற உத்தரவும்தான் செல்லும். கடிதம்கூட அனுப்பக் கூடாது என்று உத்தரவு இருந்தால் அதை மீறாதீர்கள், வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்ப முடிந்தாலும் முடியாவிட்டாலும் எழுதலாம். ஒரு நோட்டு வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு கதை, மேலே தேதி. கையெழுத்திலேயே இருக்கட்டும், அடித்தல் திருத்தல் இருந்தாலும் பரவாயில்லை. வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். குரலில் பதிவு செய்வதானால் ஆரம்பத்தில் தேதியையும், அவனுக்கு இப்போது என்ன வயது என்பதையும் சொல்லுங்கள். ஃபோன் மாறும்போது தொலைந்துபோகாமல் இன்னொரு இடத்திலும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய புகைப்படங்களின் பின்பக்கத்தில் யார் யார் என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறும். அந்தப் படங்களில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த கடைசி ஆள் உங்கள் அம்மாவாக இருந்தால், அவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.